இடுப்பளவு தண்ணியும் ஒரு கை உப்பும்

போன வருசம் குலசை தசராவுக்கு லீவு கிடைக்கல. ஊரே கடற்கரையில சூரசம்ஹாரம் பார்த்துக்கிட்டு இருந்த நேரத்துல நான் ஆன்சைட்ல, அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல, சர்வர் லாக் பார்த்துக்கிட்டு இருந்தேன். மூஞ்சி தொங்கிப் போயிருந்ததைப் பார்த்த ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "சனிக்கிழமை மீன் பிடிக்கப் போலாம் வா"ன்னு கூப்பிட்டார்.

காலைல அஞ்சு மணி, கும்மிருட்டு. நெஞ்சு வரைக்கும் வர்ற ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கிட்டு ஏரிக்குள்ள இறங்கினோம். குளிர்ல பல்லு தந்தி அடிக்குது. தேடிப் போனது வால்ஐ-ங்கற மீன். 1965-ல இருந்து அந்த மாநிலத்தோட அதிகாரப்பூர்வ மீனே அதுதான். அதோட கண்ணுக்குள்ள ஒளியைத் திருப்பி அனுப்புற ஒரு படலம் இருக்கு. டார்ச் அடிச்சா பூனைக் கண்ணு மாதிரி மின்னும். மங்கல் வெளிச்சத்துல சின்ன மீனுக்குக் கண்ணு தெரியாது, இதுக்குத் தெரியும். அதனால இலையுதிர் காலத்துல விடியறதுக்கு முன்னாடி இரை தேடிக் கரைப்பக்கம் வரும். மனுசன் அங்க போய் நின்னா போதும்.

இருட்டு, இடுப்பளவு தண்ணி, பேச்சில்லாம காத்திருக்கறது. இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச விசயமாச்சேன்னு தோணுச்சு. எங்க தாத்தா குலசேகரன்பட்டினத்துக் கரையில இப்படித்தான் நிப்பார். கையில தூண்டில் இல்ல, வீச்சுவலை. நடுக்கயிறு மணிக்கட்டுல கட்டியிருக்கும். ஒரு சுழட்டு சுழட்டி வீசினா வலை வட்டமா விரிஞ்சு விழும், ஓரத்து ஈயக்குண்டு அதைத் தரைக்கு இழுத்துட்டுப் போகும். மடவை, கிழங்கான் கிடைக்கும். வெளிச்சம் வந்துட்டா மடவை நிழலைப் பார்த்தே தெறிச்சு ஓடிரும். அதான் விடியறதுக்கு முன்னாடியே போயிரணும்.

அன்னைக்கு ராத்திரி ஆச்சிக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் பெருமையா சொன்னேன். ஆச்சி கேட்ட ஒரே கேள்வி: "ஏய்யா, அங்கன உப்பு கெடைக்கா?"

சிரிச்சுட்டேன். "சிரிக்காத. எங்க அம்மை காலத்துல உப்பு அள்ளினா கேசு. உப்பு இல்லேன்னா பிடிச்ச மீனு மண்ணுக்குத்தான்"னாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் இதைத்தான் தேடித் தேடிப் படிச்சேன்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஐஸ் கிடையாது, லாரி கிடையாது. விடியக்காலைல பிடிச்ச மீன் மத்தியானத்துக்குள்ள விக்கலைன்னா கெட்டுப் போகும். அதைக் காப்பாத்த ஒரே வழி உப்பும் வெயிலும். குலசை, ஆறுமுகநேரி பக்கமெல்லாம் உப்பு விளையற பூமி. ஆனா கிழக்கிந்தியக் கம்பெனி 1805-லயே சென்னை மாகாணத்து உப்பைத் தன்னோட ஏகபோகமாக்கிருச்சு. சட்டத்துக்கு மேல சட்டம் வந்து, 1889-ல சென்னை உப்புச் சட்டம் வரைக்கும் போச்சு. தானா விளைஞ்ச உப்பை அள்ளினாலும் குற்றம். கழிமுகத்துலயும் சதுப்புலயும் தானா பூத்த உப்பை உப்பு இலாகா ஆளுங்களே அழிச்சாங்க. 1888-ல இருந்து 1903 வரைக்கும் ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, வரி மட்டும் ரெண்டரை ரூபாய்.

இது மீனவனை என்ன பண்ணுச்சுன்னு எழுதி வெச்சவர் ஃபிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்துல டாக்டரா இருந்தவர், இந்திய மீன்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினவர். 1873-ல வந்த அவரோட கடல் மீன்வள அறிக்கையோட சாரம் இதுதான்: உப்பு விலை கட்டுப்படியாகாம ஜனங்க உப்பு மண்ணைப் போட்டோ, வெறும் வெயில்ல காய வெச்சோ மீனைப் பதப்படுத்தறாங்க, பாதி கெட்டுப் போகுது.

அதுக்கப்புறம் அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடிச்சது. கரையோரமா வேலி போட்ட மீன் பதனிடும் முற்றங்கள். அங்க வரியில்லாத உப்பு கிடைக்கும். ஆனா உப்பு இலாகா ஆள் எடை போட்டுத் தருவார், வேலிக்குள்ளேயே மீன்ல போட்டுரணும், ஒரு பிடி கூட வெளிய போகக்கூடாது. பெரிய வலைக்காரங்களுக்கு இது உதவியா இருந்திருக்கும், மறுக்கல. ஆனா வீச்சுவலையில ஒரு கூடை கிழங்கான் பிடிச்சவன் என்ன பண்ணுவான்? காலடியில பூத்துக் கிடக்கற உப்பைத் தாண்டி, அரசாங்க உப்பைத் தேடி நடக்கணும்!

உப்புச் சத்தியாகிரகம்னா நமக்கு 1930 தண்டியும் வேதாரண்யமும்தான் ஞாபகத்துக்கு வரும். சாப்பாட்டு உப்புக்கான போராட்டம்னுதான் நானும் படிச்சேன். கடற்கரைக்காரனுக்கு அது பிழைப்போட உப்பு.

குலசையோட பேரு சரித்திரத்துல வந்தது 1942-ல. 'வெள்ளையனே வெளியேறு' நாட்கள். போராட்டக்காரங்க குலசை உப்பளத்துக்குள்ள புகுந்தப்ப நடந்த மோதல்ல உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டார். குலசேகரன்பட்டினம் சதி வழக்குன்னு பேராச்சு. காசிராஜன், ராஜகோபாலன் ரெண்டு பேருக்கும் தூக்குன்னு தீர்ப்பு. கடைசியில தூக்கு நிறைவேறல, தப்பிச்சாங்க. லோன் உயிர் போனது போனதுதான், அதைக் கொண்டாட எனக்கு மனசு வரல. அவங்க மீனுக்காகப் போனாங்கன்னும் சொல்ல வரல. ஆனா அந்தச் சின்ன ஊர்ல வெள்ளை அரசாங்கத்துக்கு ஒரு முகம் இருந்துச்சுன்னா, அது உப்பு இலாகாவோட முகமாத்தான் இருந்திருக்கும்னு நெனைக்கிறேன். உப்பு வரி ஒழிஞ்சது 1947 ஏப்ரல் 1. சுதந்திரத்துக்கு நாலரை மாசம் முன்னாடி.

அந்த மினசோட்டாவுலயும் இப்படி ஒரு கதை இருக்கு. மில் லாக்ஸ்னு ஒரு பெரிய ஏரி, வால்ஐ-க்குப் பேர் போனது. அந்த மண்ணோட பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள் 1837 ஒப்பந்தத்துல நிலத்தைக் கொடுத்தாங்க, மீன் பிடிக்கற உரிமையைக் கொடுக்கல. பின்னாடி வந்த மாநில அரசு அதை ஒத்துக்கல. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1999-ல அஞ்சுக்கு நாலுன்னு ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. தண்ணியில நிக்கறவனுக்கும் மீனுக்கும் நடுவுல எப்பவும் ஒரு காகிதம் இருக்கு போல.

இப்ப குலசையில இஸ்ரோவோட ரெண்டாவது ராக்கெட் ஏவுதளம் வருது. 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டினாங்க. எனக்கும் பெருமைதான். ஆனா ராக்கெட் கிளம்பற நாள்ல பாதுகாப்புக்காகக் கடலை மூடித்தானே ஆகணும்? அன்னைக்கு விடியக்காலைல வலையோட வர்றவர்கிட்ட யாரு, எப்ப, எப்படிச் சொல்லப் போறாங்கங்கறதையும் இப்பவே பேசிரணும். வேலி போட்டப்புறம் பேசினா என்ன ஆகும்னு இந்த ஊருக்கு நல்லாவே தெரியும்.

தாத்தா இப்ப இல்ல. வலை பரண்ல இருக்கு, ஈயக்குண்டு பாதி உதிர்ந்து போச்சு. ஆச்சி இன்னைக்கும் உப்பு ஜாடியைத் திறந்தே வைக்க மாட்டாங்க. ஈரம் படக்கூடாதுன்னுதான் இத்தனை நாள் நெனச்சேன்.

உங்க ஊர்ப் பெருசுங்க கிட்டயும் உப்பைப் பத்தி ஒரு தடவை கேட்டுப் பாருங்க மக்கா. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் சொல்லுங்க.