வானத்துக்குப் போய்ச் சேராத செய்தி



தரம் 10 வகுப்பில் எரிமலை பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். "சேர், மலை வெடிச்சா கீழ உள்ளவங்க ஓடித் தப்பலாம். மேல போற பிளேனுக்கு என்ன நடக்கும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அதற்குப் பதில் தேடியபோது நாம் அறிந்துகொண்ட வரலாறு இது.

1982 ஜூன் 24, இரவு. கோலாலம்பூரிலிருந்து பேர்த் நோக்கிப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், யாவாத் தீவுக்கு அருகே 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. முன் கண்ணாடியில் தீப்பொறி போல வெளிச்சம். உள்ளே புகை. சில நிமிடங்களில் நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன. காரணம் என்னவென்று கப்டன் எரிக் மூடிக்குத் தெரியவில்லை. ராடாரும் எதையும் காட்டவில்லை. விமான ராடார் மழைமேகத்தின் நீர்த்துளிகளைத்தான் காணும். உலர்ந்த சாம்பல் அதில் தெரியாது.

எரிமலைச் சாம்பல் நம் அடுப்புச் சாம்பல் போன்றதல்ல. அது பொடியான பாறையும் கண்ணாடியும். எஞ்சினின் சூட்டில் உருகி, உள்ளே ஒட்டிக்கொண்டு காற்றோட்டத்தை அடைத்துவிடும். அன்று விமானம் சுமார் 13,500 அடிக்கு இறங்கிய பிறகுதான் எஞ்சின்கள் மீண்டும் இயங்கின. நின்ற எஞ்சின் ஆறியதும், ஒட்டியிருந்தது உடைந்து உதிர்ந்ததே காரணம். சாம்பல் உரசி மங்கிப்போன கண்ணாடியோடு ஜகார்த்தாவில் தரையிறங்கினார்கள். அல்ஹம்துலில்லாஹ், 260 பேரளவில் இருந்த அந்த விமானத்தில் ஓர் உயிரும் போகவில்லை.

நம்மை உறுத்தியது வேறொன்று. அந்தக் கலுங்குங் எரிமலை ஏப்ரல் மாதமே குமுறத் தொடங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான கிராமத்து மக்கள் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்திருந்தார்கள். தரையில் ஊரே அறிந்த செய்தி விமானியின் காதுக்குப் போகவில்லை. மூன்று வாரத்துக்குள் சிங்கப்பூர் எயார்லைன்ஸ் விமானம் ஒன்றும் அதே மலையின் சாம்பலில் சிக்கியது. 1989 டிசம்பர் 15 அன்று அலாஸ்காவில் கேஎல்எம் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றன. அதிலும் எல்லோரும் தப்பினார்கள்.

அதே 1989இல் அவுஸ்திரேலியாவில் பணியாற்றிய பிரெட் பிராட்டா என்ற விஞ்ஞானி ஒரு வழியை வெளியிட்டார். செய்மதி பூமியிலிருந்து வரும் செங்கீழ்க் கதிர்களை 11, 12 மைக்ரோமீற்றர் என்ற இரு அலைநீளங்களில் அளக்கும். சாதாரண மேகம் 12இல் கூடுதலாக உறிஞ்சும். சாம்பல் 11இல் கூடுதலாக உறிஞ்சும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் எது மேகம், எது சாம்பல் என்று பிரிக்கலாம். இரவிலும் முடியும். ஆனால் சாம்பலோடு நீராவியும் பனியும் அதிகம் கலந்தால் அடையாளம் மறைந்துவிடும்.

படம் மட்டும் போதாது, அதை விமானியிடம் சேர்க்க ஆட்கள் வேண்டும். அதற்காக இன்று உலகில் ஒன்பது சாம்பல் எச்சரிக்கை நிலையங்கள் இயங்குகின்றன. இந்தோனேசிய வானத்தை டார்வின் நிலையம் கவனிக்கிறது. ஜப்பானின் ஹிமவாரி செய்மதி அதற்கு 10 நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்புகிறது.

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவில் பூமி அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அலை நம் கிழக்குக் கரைக்கு வந்தது. அந்த நேரத்துக்குள் உலகில் சிலருக்குச் செய்தி தெரிந்திருந்தது. நமக்கு யாரும் சொல்லவில்லை. அதன் விலை என்னவென்று நமக்குத் தெரியும்.

அறிவு ஓரிடத்தில் இருந்தால் மட்டும் உயிர் தப்பாது. அது உரியவரிடம் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.