தலைக்காசு

கங்காணி என்ற சொல்லுக்குள் ஒரு கண் இருக்கிறது. கண்காணிப்பவன் கண்காணி, பேச்சில் தேய்ந்து கங்காணி. மலாயாத் தோட்டங்களில் பெரட்டுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் மரத்தைக் காயப்படுத்தி வெட்டினார்கள் என்று பார்த்து மேலே சொல்வது அவர் வேலை. ஆனால் அவர் கண்ணைவிட, அவருக்குப் பணம் வந்த வழிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்தால் கமிஷன். கூட்டி வந்த ஆள் காலையில் வேலைக்கு இறங்கினால், ஒரு தலைக்கு ஓரிரு காசு, தினமும். அதற்குத் தலைக்காசு என்று பெயர்.

தலைக்காசு இருக்கும் வரை கங்காணிக்கு ஆள் தேவை. காய்ச்சலில் படுத்திருப்பவனை லயத்திலிருந்து எழுப்பி அனுப்புவதில் அவருக்கு ஒரு வருமானம் இருந்தது. கெட்ட கங்காணியை விரட்டினாலும் அடுத்தவர் வந்து அதையேதான் செய்வார். 1930களின் ரப்பர் விலை வீழ்ச்சியில் ஆள் சேர்ப்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. 1938 ஜூனில் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்கள் உதவிப்பணத்தோடு போவதைத் தடை செய்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு அதோடு முடிந்தது. முடிவுக்கு வந்தது ஒரு மனிதரால் அல்ல, வரும்படியின் வாசலை அடைத்ததால்.

இந்தப் பழைய கணக்கை நான் புரிந்துகொண்டது வரலாற்றுப் புத்தகத்தில் இல்லை. ஈப்போவில், 2004 வாக்கில், அக்கம்பக்கத்து வீடுகளின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோதுதான் புரிந்தது.

தோட்டங்கள் விற்கப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிக்கொண்டிருந்த காலம். சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் தாமான் வீடுகளுக்கு வந்திருந்தார்கள். பிள்ளை படிக்க வேண்டும் என்று தவணையில் ஒரு கம்ப்யூட்டர். அதில் விண்டோஸ் எக்ஸ்பி. 2001ல் ஸ்ட்ரீமிக்ஸ் அகலப்பட்டை வந்த பிறகு, முன்பு டயல்-அப்பில் நிமிடக் கணக்குப் பார்த்தவர்கள் நாள் முழுக்க இணைப்பைத் திறந்தே வைத்திருந்தார்கள். அண்ணன் கசாவில் இளையராஜா பாட்டு இறக்குவான். தங்கை ஸ்கிரீன்சேவர் இறக்குவாள். இரண்டு மாதத்தில் வீட்டு அம்மா கூப்பிடுவார்: "தம்பி, ஒண்ணுமே தொடல, அதுவா படம் படமா வருது. பிள்ளைங்க முன்னால வெக்கமா இருக்கு. ஒரு தரம் வந்து பாரேன்."

அந்த 'ஒண்ணுமே தொடல' பெரும்பாலும் உண்மைதான். கசாவை நிறுவும்போது கூடவே விளம்பர நிரல்களும் இறங்கும். நீளமான ஆங்கில ஒப்பந்தத்தின் உள்ளே எங்கோ அதற்கான அனுமதி எழுதியிருக்கும். யாரும் படிக்காமல் 'ஐ அக்ரி' அழுத்துவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரின் கட்டைவிரலை ஒப்பந்தத்தில் பதிய வைத்த பழைய முறைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

ஸ்பைவேர் என்ற சொல் 1995லேயே ஒரு கேலிப் பதிவில் வந்துவிட்டது. 2000ல் ஸ்டீவ் கிப்சன் தன் கம்ப்யூட்டரில் ஒரு விளம்பர நிரல் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே தகவல் அனுப்புவதைப் பார்த்து, அதை அகற்ற 'ஆப்ட்-அவுட்' என்ற சிறு கருவியை எழுதினார். அதே ஆண்டு ஜெர்மனியில் பேட்ரிக் கோல்லா 'ஸ்பைபாட்' வெளியிட்டார். 2003 மே மாதம் 'கூல்வெப்சர்ச்' வந்தது. அதுதான் எங்கள் தாமான்களைப் பிடித்த பெரிய பீடை. முகப்புப் பக்கத்தையும் தேடல் பக்கத்தையும் மாற்றிவிடும். திரும்ப மாற்றினால், மறுபடி தொடங்கும்போது பழையபடி நிற்கும். அதன் ஒரு வகை, ஸ்பைபாட் திறந்தவுடனேயே அதை மூடிவிடும். மெரைன் பெலெகோம் என்ற நெதர்லாந்து மாணவர் அதன் ஒவ்வொரு வகையையும் தேதியிட்டுக் குறித்து வைத்தார். அதை அகற்ற 'சிடபிள்யூ ஷ்ரெட்டர்' எழுதினார். அவர் எழுதிய இன்னொரு கருவி 'ஹைஜாக்திஸ்'. இரண்டையும் இலவசமாகக் கொடுத்தார்.

ஹைஜாக்திஸ் எதையும் தானாக அழிக்காது. இந்தக் கம்ப்யூட்டர் விழிக்கும்போது யார் யாரெல்லாம் கூடவே விழிக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடும், அவ்வளவுதான். ஆர் என்று தொடங்கும் வரிகள் முகப்புப் பக்கமும் தேடல் பக்கமும். ஓ-2 என்றால் உலாவியோடு ஒட்டிக்கொண்ட துணை நிரல். ஓ-4 என்றால் தொடக்கத்தில் தானாக ஓடுவது. நல்லது எது, கெட்டது எது என்று அது சொல்லாது. நாம்தான் வரி வரியாகப் படிக்க வேண்டும். அச்சு இயந்திரத்தின் நிரலும் அங்கே இருக்கும், வைரஸ் தடுப்பானும் இருக்கும், அவற்றின் பெயரைப் போலவே ஓரெழுத்து மாற்றி வைத்துக்கொண்ட திருடனும் இருப்பான். பிரதி ஒப்பிட்டுப் படிப்பவர்களுக்கு இந்த வேலை பழக்கமானதாக இருக்கும்.

படிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில. முதலில் மோடம் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் இங்கே அழிப்பதை அது அங்கேயிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளும். அடுத்து சிஸ்டம் ரீஸ்டோரை அணைக்க வேண்டும். எக்ஸ்பி பழைய நிலைக்குத் திரும்புவதற்காகப் பத்திரப்படுத்தும் பிரதிகளுக்குள் நோயும் பத்திரமாக இருக்கும். பிறகு எஃப்-8 அழுத்திப் பாதுகாப்பு நிலையில் தொடங்க வேண்டும். சாதாரண நிலையில் பல நிரல்கள் இரட்டையராக ஓடும். ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை எழுப்பிவிடும். பாதுகாப்பு நிலையில் பெரும்பாலும் இரண்டுமே தூங்கிக்கொண்டிருக்கும். அப்போது பட்டியலைப் படித்து, வேண்டாத வரிகளை நீக்கி, அந்தக் கோப்புகளையும் தற்காலிகக் கோப்புகளையும் அழித்து, ஹோஸ்ட்ஸ் கோப்பில் யாராவது தளங்களைத் திசைதிருப்பி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஓ-10 வரிகளில் மட்டும் கை வைக்கக் கூடாது. அவை இணைய இணைப்பின் சங்கிலியில் ஒரு வளையம். ஒரு வளையத்தைப் பிடுங்கினால் இணைப்பே போய்விடும். அதற்குத் தனிக் கருவி உண்டு. எல்லாம் முடிந்து மறுபடி தொடங்கி, மறுபடி பட்டியலெடுத்து, மறுபடி படிக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கூலி, தோசையும் தேத்தண்ணியும்.

அடுத்த மாதம் அதே வீட்டிலிருந்து அழைப்பு வரும்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? பதில் அந்தப் பட்டியலில் இல்லை, பணத்தில் இருந்தது. கூல்வெப்சர்ச்சுக்கு ஆள் அனுப்புகிற கூட்டாளித் தளங்களுக்குக் கமிஷன் கிடைத்தது. மற்ற விளம்பர நிரல் கம்பெனிகள், ஒரு கம்ப்யூட்டரில் நிறுவினால் இவ்வளவு என்று தரகர்களுக்குக் கொடுத்தன. அப்பட்டமான தலைக்காசு. தரகருக்கு உங்கள் பெயர் தேவையில்லை, தலை இருந்தால் போதும். வீட்டுக்காரர் ஓட விரும்பாத நிரலை எழுப்பி ஓட வைப்பதில் அவருக்கு வருமானம். 2005 வாக்கில் இன்னொரு கூட்டம் வந்தது: 'ஸ்பைஷெரிஃப்' போன்ற போலிச் சுத்திகரிப்பான்கள். உங்கள் கம்ப்யூட்டரில் நோய் என்று பயமுறுத்தி, மருந்து என்று காசு கேட்கும். நோயும் அதுவேதான்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தது, ஒவ்வொரு கங்காணியாக லயத்திலிருந்து வெளியே தள்ளுகிற வேலை. அது வீண் என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மாவுக்கு அன்று நிம்மதி கிடைத்தது. ஆனால் அலை அடங்கியது வேறு இடத்தில். 2005 ஏப்ரலில் நியூயார்க் அரசு வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர், மைஸ்பேஸின் தாய்க் கம்பெனியான இன்டர்மிக்ஸ் மீது வழக்குப் போட்டார். 2006 நவம்பரில் ஜாங்கோ கம்பெனி, அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 30 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசமானது. 2009ல் மூடியே விட்டது. விளம்பரம் கொடுத்த கம்பெனிகளும் பின்வாங்கின. மறுபக்கம், 2004ல் எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தம் பாப்-அப்களைத் தடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு சிறு கம்பெனியை வாங்கி, அதன் கருவியைப் பின்னாளில் விண்டோஸ் டிஃபெண்டராக்கி இலவசமாகவே சேர்த்துக் கொடுத்தது. பெலெகோம் 2007ல் ஹைஜாக்திஸை ட்ரெண்ட் மைக்ரோவிடம் கொடுத்துவிட்டார். தலைக்காசு வற்றியதும் பீடை இளைத்தது.

தலைக்காசே இல்லாத உளவும் உண்டு. 2013 மே 5 பொதுத்தேர்தலுக்குச் சில நாள் முன்பு, டொராண்டோவின் சிட்டிசன் லேப் ஓர் அறிக்கை வெளியிட்டது. 13ஆவது தேர்தலின் உத்தேச வேட்பாளர் பட்டியல் என்று மலாயில் இருந்த ஓர் ஆவணத்துக்குள் 'ஃபின்ஸ்பை' இருந்தது. அரசாங்கங்களுக்கு விற்கப்பட்ட உளவு நிரல் அது. ஃபயர்பாக்ஸ் என்று வேஷம் போட்டிருந்தது. மோசில்லா எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இங்கே கூட்டமாகத் தலை எண்ணுவதில்லை. அரசியலில் அக்கறையுள்ள ஒருவர் ஆர்வத்தோடு திறக்கும் ஒரு பட்டியல்தான் பொறி. எஃப்-8 அழுத்தி, ஓ-4 படித்து இதைப் பிடிக்க முடியாது. யார் அனுப்பினார்கள் என்று கேட்கத் தகுதியுள்ள சட்டம் வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் அமலுக்கு வந்த நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்று தானே சொல்லிக்கொள்கிறது.

ஆக இரண்டு வகைக் கண். ஒன்று தலைக்குக் காசு வாங்கும் கண். இன்னொன்று ஒரே ஒரு தலையை மட்டும் பார்க்கும் கண். முதலாவதிடமிருந்து தப்ப, அதன் வரும்படியை அடைக்க வேண்டும். இரண்டாவதிடமிருந்து தப்ப, அதற்கு விலக்குக் கொடுத்திருக்கும் சட்டத்தைக் கேள்வி கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம் இரண்டுக்கும் போதாது.

ஆனாலும் பட்டியல் படிக்கிற பழக்கத்தை விடக் கூடாது என்று நினைக்கிறேன். இன்றைக்குக் கம்ப்யூட்டர் மேசையிலிருந்து கைக்கு வந்துவிட்டது. டார்ச் லைட் ஆப் ஒன்று நம் தொடர்பு எண்களைக் கேட்கிறது, நாமும் கொடுக்கிறோம். ஃபோனின் அனுமதிப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நான் இன்று பெரட்டுக்கு வந்ததற்கு யாருக்குத் தலைக்காசு போகிறது?