சுடலைமுத்து மகனும் ஒரு வில்லும்

கலைவாணர்னு சொன்னதும் பலருக்கும் ஞாபகம் வர்றது, மதுரத்தோட ஜோடி போட்டுப் பண்ணின கருப்பு வெள்ளை காமெடிதான். ஆனா எங்க நாஞ்சில் நாட்டுலேர்ந்து பார்த்தா அவர் முதல்ல நாடகக்காரர். சினிமா அப்புறம்தான்.

என்.எஸ்.-ங்கிற இனிஷியலை விரிச்சுப் பாருங்க: நாகர்கோவில் சுடலைமுத்து. அப்பா சுடலைமுத்துப் பிள்ளை, அம்மா இசக்கியம்மாள். 1908 நவம்பர் 29-ல ஒழுகினசேரியில பிறந்தவர். சுடலைமாடனும் இசக்கியும் யாருன்னு தென்மாவட்டத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்காக: கோயில் கொடை நடக்கும்போது ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டுல பாடறது இந்தச் சாமிகளோட கதைகளைத்தான். மணி கட்டின பெரிய வில், அதை அடிக்க வீசுகோல், கூட குடம், உடுக்கை, ஜால்ரா. பாடறவர் ஒரு வரி சொன்னா பக்கத்துல இருக்கறவர் 'ஆமா' போடுவார். அது மேடைக் கலை இல்லை. சாமி இறங்குறதுக்கான பாட்டு.

வீட்டுல வறுமை. கொட்டகையில தின்பண்டம் வித்த பையன், கடைசியில மேடைக்கே போயிட்டார். 1925-ல டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனி ஆரம்பிச்சப்போ அதுல சேர்ந்தார். நடிப்பு, பாட்டு, நகைச்சுவைன்னு கம்பெனியில எந்த வேலைக்கும் தயாரான ஆள்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வெ.சாமிநாத சர்மா எழுதின 'பாணபுரத்து வீரன்' நாடகத்தை வெள்ளைக்கார அரசாங்கம் தடை பண்ணியிருந்தது. அதையே 1931-ல 'தேசபக்தி'ன்னு பேரை மாத்தி டி.கே.எஸ். கம்பெனி மேடையேத்திச்சு. அதுக்கு நடுவுல கிருஷ்ணன் வில்லை எடுத்து வச்சுக்கிட்டு காந்தி கதையைப் பாடினார். யோசிச்சுப் பாருங்க, மாடன் கதை பாடற வில்லுல மகாத்மா! கொடைக்கு வர்ற சனம் எப்படி 'ஆமா' போடுமோ அதே தாளத்துல சுதந்திரப் போராட்டம். உள்ளூர்க் கலையைத் தூக்கிட்டுப் போய் அரசியல் பேச வச்சதுதான் அவர் செஞ்ச பெரிய காரியம்னு நான் நினைக்கிறேன்.

1935-ல 'மேனகா', 1936-ல 'சதி லீலாவதி'ன்னு சினிமா வந்தது. பணமும் பேரும் சேர்ந்தது. 1944-ல லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. பாகவதரோட சேர்த்து இவரையும் கைது பண்ணினாங்க. 1945-ல ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947-லதான் விடுதலை.

அந்த ரெண்டு வருஷமும் என்.எஸ்.கே. நாடக சபா என்ன ஆச்சு? மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும் இழுத்துப் பிடிச்சு நடத்தினாங்க. அங்கிருந்து பிரிஞ்ச கே.ஆர்.ராமசாமி தன் புது சபைக்கு வச்ச பேரே 'கிருஷ்ணன் நாடக சபை'. அண்ணாவோட 'ஓர் இரவு', 'வேலைக்காரி' எல்லாம் அந்த மேடையில வந்ததுதான். ஆள் உள்ளே, பேர் மேடையிலே!

வெளியே வந்த மனுசன் ஓயலை. நந்தனார் கதையை மாத்தி 'கிந்தனார்' காலட்சேபம் பண்ணினார். நந்தன் சிதம்பரம் போகத் துடிச்சான். கிந்தன் படிக்கப் போனான். கோயில் வாசலுக்குப் பதிலா பள்ளிக்கூட வாசல், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா எவ்வளவு பெரிய வித்தியாசம்! அண்ணா எழுதின 'நல்லதம்பி' (1949) படத்துல அது இருக்கு, தேடிப் பாருங்க. வில்லையும் அவர் விடலை. அவருக்குப் பாட்டு எழுதின சுப்பு ஆறுமுகம் அப்புறம் அந்தக் கலையைப் பல பத்தாண்டு தூக்கிச் சுமந்தார். 2021-ல பத்மஸ்ரீ வாங்கினார், 2022-ல காலமானார்.

கலைவாணர் 1957 ஆகஸ்ட் 30-ல போயிட்டார். வயசு 48 தான். படங்கள் சிடியில, யூடியூப்ல கிடைக்குது. 1931-ல பாடின அந்தக் காந்தி வில்லுப்பாட்டை இனி யாரும் கேட்க முடியாது. நாடகக்காரனோட சாபம் அது. அதனால மக்கா, உங்க ஊர்க் கொடையில இன்னும் வில்லு கட்டினா, பத்து நிமிசம் நின்னு கேட்டுட்டுப் போங்க. யாராவது 'ஆமா' போடணும்ல?