தராஸ்கன் விலங்குருவ மட்பாண்டங்கள்

மேற்கு மெக்சிகோவின் மிச்சோவாகான் பகுதியில், பாட்ஸ்குவாரோ ஏரியைச் சுற்றி 14ஆம் நூற்றாண்டு முதல் ஸ்பானியர் வரும்வரை ஆண்ட தராஸ்கன் மக்களின் பெயரால் அறியப்படும் சுடுமண் கலங்கள். இம்மக்கள் தங்களைப் புரேபெச்சா என்றே சொல்லிக்கொள்கின்றனர். தராஸ்கன் என்ற பெயரோடு உலக அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்த நாய்களும் கிளிகளும் பெரும்பாலும் அவர்கள் செய்தவை அல்ல.

அவை கொலிமா வட்டாரத்தைச் சேர்ந்தவை. தராஸ்கன் அரசுக்கு ஆயிரம் ஆண்டுகளாவது மூத்தவை. ஏறத்தாழ கிமு 300 முதல் கிபி 300 வரை அங்கே கிணறுபோல் செங்குத்தாகக் குழி தோண்டி, அடியில் பக்கவாட்டில் அறை குடைந்து இறந்தோரை வைத்தார்கள். கூடவே நாய், கிளி, வாத்து, நண்டு வடிவக் கலங்களும் வைக்கப்பட்டன. குயவர் சக்கரம் அறியாத நாடு, எல்லாம் கைவேலை. உப்பிய வயிறும் குட்டைக் கால்களும் கொண்ட நாயின் உடல் முழுக்கச் செங்காவி பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள். தலையிலோ வாலிலோ திறப்பு இருப்பதால் அது பொம்மை மட்டுமல்ல, கலமும்கூட. பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்ததில் மேற்பரப்பில் கரும்புள்ளிகள் படிந்துவிடும். போலி செய்வோர் அந்தப் புள்ளிகளையும் விடாமல் போட்டுவிடுகிறார்கள்.

இறந்தவரை ஆறு கடத்தி மறுவுலகம் சேர்ப்பது நாய் என்பதே இவற்றுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். இது 16ஆம் நூற்றாண்டில் நடு மெக்சிகோவின் நாவா மக்களிடம் பதிவான நம்பிக்கை. வேறொரு மக்களின் நம்பிக்கையை ஆயிரம் ஆண்டு பின்னோக்கி ஏற்றிச் சொல்வது துணிச்சல்தான். நாயைக் கொழுக்க வைத்து உண்பதும் அந்நாட்டில் அன்று வழக்கம் என்பதால், பயணத்துக்கான உணவாகவும் இருந்திருக்கலாம். மனித முகமூடி அணிந்த நாய்க்கோ இரண்டு விளக்கமும் போதவில்லை.

பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் சந்தை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மேற்கு மெக்சிகோக் கல்லறைகளில் கிடைத்ததெல்லாம் தராஸ்கன் என்றே விலைபோனது. ஓவியர் தியேகோ ரிவேரா இவற்றைப் பெருமளவில் சேர்த்தார். அவரது சேகரிப்புக்கான அனாவாகாயி அருங்காட்சியகம் 1964இல் மெக்சிகோ நகரில் திறக்கப்பட்டது. இசபெல் கெல்லி போன்ற தொல்லியலாளரின் களப்பணியும் பின்வந்த கரிமக் காலக்கணிப்பும்தான் கொலிமாவைத் தனியே பிரித்துக் காட்டின. ஆனால் பெரும்பாலான கல்லறைகளைக் கொள்ளையர் முன்பே காலிசெய்திருந்தனர். எந்த நாய் யாரோடு புதைக்கப்பட்டது என்ற தடயம் அதோடு போயிற்று.

அசல் தராஸ்கன் கலங்களின் அழகு வேறு. தலைநகரான சின்சுன்சானில் யாக்காத்தா எனப்படும் ஐந்து கோயில் மேடைகள் நிற்கின்றன. அங்குள்ள புதைகுழிகளில் கிடைத்தவை மெல்லிய மூக்கும் மேல்வளைந்த பிடியும் கொண்ட கெண்டிகள். உடல் சுரைக்காயாகவோ பூசணியாகவோ இருக்கும்; சிலவற்றில் பறவையாகும். கோலம் வேண்டிய இடத்தை மறைத்துவிட்டு மற்ற பகுதியைப் புகையூட்டிக் கருக்குவார்கள். மறைப்பை நீக்கினால் சிவப்பும் வெள்ளையும் எட்டிப்பார்க்கும். இவை அரண்மனைப் பட்டறைகளில் உருவானவை என்று எண்ணத் தோன்றும். மட்பாண்ட ஆய்வுகளோ, அரசு எழுந்த பிறகும் உற்பத்தி பெரும்பாலும் குயவர் வீடுகளிலேயே நடந்ததாகக் காட்டுகின்றன.

விலங்குகளுக்கு இருந்த இடத்தை அறிய, 1540 வாக்கில் பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் தொகுத்த ‘மிச்சோவாகான் வரலாறு’ உதவுகிறது. மன்னரின் இறுதி ஊர்வலத்தில் ஆமையோட்டை முதலையெலும்பால் தட்டி ஒலியெழுப்பியதாக அது கூறுகிறது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலுள்ள அந்த ஏரியில் முதலை கிடையாது. வெப்பத் தாழ்நிலத்திலிருந்து வரவழைத்திருக்க வேண்டும்.

1522இல் ஸ்பானியர் நுழைந்தனர்; 1530இல் கடைசி மன்னர் இரண்டாம் தங்காக்சுவான் கொல்லப்பட்டார். கல்லறைக் கலங்கள் நின்றுபோயின, ஈயப் பூச்சு வந்தது, வீட்டுப் புழக்கத்துக்கான சட்டிபானைகள் தொடர்ந்தன. மிச்சோவாகானின் ஒக்குமிச்சோ ஊர்ப் பெண்கள் விலங்கு வடிவ ஊதல்களும் உண்டியல்களும் செய்துவந்தனர். 1960களில் மார்செலினோ விசென்டே என்ற இளைஞர் அதே களிமண்ணில் பிசாசு பொம்மைகள் செய்யத் தொடங்கினார். பாம்பும் பல்லியும் சூழ, பளிச்சென்ற வண்ணத்தில் வந்த அந்தப் பிசாசுகளை வெளியூர்க்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். அவர் கொலையுண்ட பிறகு ஊர்ப் பெண்கள் அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டார்கள். ஒக்குமிச்சோ இன்று பெயர்பெற்றிருப்பது அந்தப் பிசாசுகளால்தான்.