சுடுகாட்டு மல்லி போன தூரம்

இந்தச் செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கோயில் மதில் இடுக்கு, தண்டவாளச் சரளை, இடிந்த வீட்டுத் திண்ணை, ஊருக்கு ஒதுக்கமான இடுகாடு என்று வேர் பிடித்த இடத்தில் நின்று ஐந்து இதழ் விரிக்கும். இளஞ்சிவப்பு ஒரு வகை. நடுவில் சிவப்புப் பொட்டு வைத்தது போன்ற வெள்ளை இன்னொரு வகை. எதிரெதிராக அமைந்த பளபளப்பான இலைகள், நடுவில் வெளிர்நரம்பு. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அவ்வளவு கசப்பு.

சித்திரை வெயிலிலும் பூக்காத நாள் இல்லை என்பதால் நித்தியகல்யாணி என்று பெயர். சமாதிகளைச் சுற்றித் தானாக மண்டிக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர். பட்டிப்பூ என்பாரும் உண்டு. சிங்களத்தில் மினிமல், அதாவது பிணப்பூ. ஒரு செடியின் பெயரிலேயே மணவறையும் மயானமும். தலைமுறை தலைமுறையாக நம்மோடு இருப்பது போல் இத்தனை பெயர்களைச் சம்பாதித்துக்கொண்ட இது, நம் மண்ணில் பிறந்ததல்ல.

அதன் பிறந்த ஊர் மடகாஸ்கர். இது சேர்ந்த பேரினத்தில் மொத்தம் எட்டு இனங்கள். ஏழு அந்தத் தீவுக்கே உரியவை. எட்டாவது மட்டும் இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும், சிறிய வெள்ளைப் பூ பூக்கும் பூண்டு. இந்துமாக்கடலின் இரு கரையிலும் பிரிந்து கிடக்கும் ஒரே குடும்பம். பெரியம்மா மகள் போன்ற அந்தத் தீவுச் செடிதான் கப்பலேறி வந்து, இங்கிருந்த சின்னவளைவிட ஊரறிந்தவளாகிவிட்டது.

வந்த வழி நேர்வழி அல்ல. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கரின் தென்கிழக்குக் கரையில் கோட்டை கட்டிக் குடியேறினார்கள். அதன் பிறகு விதை பிரெஞ்சு அரசரின் தோட்டத்துக்குப் போயிற்று. அங்கிருந்து 1750களில் லண்டனின் செல்சி மருந்துத் தோட்டத்துக்கு வந்தது. தோட்டத்தின் பொறுப்பாளர் பிலிப் மில்லர் அதை வளர்த்தார். குளிர் தாங்காத செடி, கண்ணாடி வீட்டில் சட்டிக்குள் இருந்தது. 1759இல் லின்னேயஸ் அதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். 1830களில் ஜார்ஜ் டான் என்ற தாவரவியலாளர் அதை ஐரோப்பிய வின்காவிலிருந்து பிரித்து, கேத்தராந்தஸ் என்ற தனிப் பேரினமாக்கினார். குற்றமற்ற பூ என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். தாவரவியல் பழைய பெயரைக் கைவிட்டாலும் மருத்துவம் கைவிடவில்லை. இன்றைய வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற மருந்துப் பெயர்களின் முதலெழுத்துகளில் அந்த வின்கா இன்னும் இருக்கிறது.

அழகுக்காக வளர்க்கப்பட்ட செடி வெப்ப நாடுகளில் வேலி தாண்டியது. ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா, இந்தியா. ஒன்றையொன்று அறியாத இந்த ஊர்களிலெல்லாம் மக்கள் அதன் இலையையும் பூவையும் கொதிக்கவைத்து, பெரும்பாலும் ஒரே நோய்க்குக் குடித்தார்கள். அது நீரிழிவு. நம் ஊரிலும் தீராத தாகத்துக்கும் அடிக்கடி போகும் சிறுநீருக்கும் ஐந்தாறு பூக்களை நீரிலிட்டுப் பாதியாகச் சுண்டவைத்துக் குடிப்பது வழக்கம்.

அந்த நம்பிக்கைதான் 1952இல் ஓர் உறையில் ஏறிக் கனடாவுக்குப் போனது. இன்சுலின் பிறந்த டொராண்டோ நகரில், அந்த ஆய்வுக் காலத்திலேயே பணியாற்றியிருந்த மருத்துவர் கிளார்க் நோபலுக்கு ஜமைக்காவிலிருந்து இருபத்தைந்து இலைகள் வந்தன. அங்கே நீரிழிவுக்காரர்கள் இதைத் தேநீராகக் குடிக்கிறார்கள் என்பது செய்தி. ஓய்வுபெற்றிருந்த அவர், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த தம்பி ராபர்ட் நோபலுக்கு அதைக் கொடுத்தார்.

ராபர்ட் சாற்றை எலிகளுக்குப் புகட்டினார். சர்க்கரை இறங்கவில்லை. ஊசி வழியே ஏற்றினார். அப்போதும் இறங்கவில்லை. ஆனால் சில நாட்களில் எலிகள் சீழ்க்கட்டி வைத்துச் செத்தன. தோற்ற சோதனை என்று குறிப்பேட்டை மூடிவிட்டிருக்கலாம். அவர் மூடவில்லை. நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் எலிகளின் இரத்தத்தில் சரிந்துபோயிருந்தன. அவை உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையை இலையில் இருந்த ஏதோ ஒன்று அடக்கியிருந்தது. வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதான் இரத்தப் புற்றுநோய். அப்படியானால், எலியைக் கொன்றது எதுவோ அது ஒரு நோயாளியைக் காப்பாற்றலாம்.

வேதியியலாளர் சார்லஸ் பியர் 1954இல் சேர்ந்துகொண்டார். கிலோக் கணக்கான இலையிலிருந்து மில்லிகிராம் கணக்கில் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலை. 1958இல் வின்பிளாஸ்டினை உலகுக்கு அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் நீரிழிவு மருந்தைத் தேடித்தான் இதே செடியைக் கையிலெடுத்திருந்தது. அங்கே கோர்டன் ஸ்வபோடாவின் குழு, இதன் சாறு பெற்ற புற்றுநோய் எலிகள் கூடுதல் நாட்கள் வாழ்வதைக் கண்டது. அவர்கள் பிரித்த இன்னொரு பொருள் வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

இவை செய்யும் வேலை இதுதான். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, இரட்டித்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்ணிய இழைகளை நெய்துகொள்ளும். அந்த இழைக்குச் செங்கல் போன்றது டியூபுலின் என்ற புரதம். வின்கிரிஸ்டின் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. இழை எழும்பாது, செல் பாதிப் பிரிவிலேயே நின்று மடியும். வேகமாகப் பெருகும் செல்தான் அதிகம் அடிபடும். நரம்புகளுக்கும் அதே இழைகள் தேவை என்பதால் கைகால் மரத்துப்போவதும் மலச்சிக்கலும் பக்கவிளைவாக வருகின்றன. இரத்தக் குழாய் (சிரை) வழியே மட்டுமே தர வேண்டிய மருந்து இது. தவறி முதுகுத்தண்டு நீரில் ஏற்றினால் உயிர் போய்விடும்.

இத்தனை ஆபத்து இருந்தும் இதைக் கைவிட முடியாது. 1950களில் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோனார்கள். இன்று பல மருந்துகள் சேர்ந்த சிகிச்சையால் வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்தக் கூட்டு மருந்தில் வின்கிரிஸ்டின் இன்றும் நீக்க முடியாத ஒன்று.

இவ்வளவு வலிமையான பொருளைச் செடி கஞ்சத்தனமாகவே செய்கிறது. வின்பிளாஸ்டின் இரண்டு பாதிகள் இணைந்த மூலக்கூறு. ஒரு பாதியான கேத்தராந்தின் இலையின் மேற்பரப்பு மெழுகில் இருக்கிறது. மறுபாதியான வின்டோலின் இலைக்குள் செல்களில் அடைபட்டிருக்கிறது. ஒரே இலையில் வாசலில் ஒன்று, உள்ளறையில் ஒன்று. இரண்டும் சந்திப்பது அரிது. அதனால்தான் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலையும், ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 2,000 கிலோவும் வேண்டும். ஒரு மில்லிகிராம் கொண்ட ஒரே குப்பிக்கு இரண்டு கிலோ என்று கணக்கு வருகிறது. சிறு பிள்ளைக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ அவ்வளவு தேவைப்படும். சிகிச்சையின் முதல் மாதத்தில் வாரம் ஒன்றாக நான்கு ஊசிகள். நேராக இலையிலிருந்தே எடுப்பதானால் எட்டுக் கிலோ சருகு. இன்று ஆலைகள் பாதிகளைத் தனித்தனியே எடுத்து இணைத்தும், வின்பிளாஸ்டினை வின்கிரிஸ்டினாக மாற்றியும் இந்தச் செலவைக் குறைக்கின்றன. ஆனாலும் தொடக்கம் இலைதான்.

அந்த இலையின் தேவை செடியைத் தமிழகத்தின் வறண்ட காடுகளுக்குக் கொண்டுவந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கங்களில் மானாவாரி நிலத்தில் இது பயிராயிற்று. கடுகினும் சிறிய கறுப்பு விதையை மணலோடு கலந்து தூவுவார்கள். இல்லாவிட்டால் ஓரிடத்திலேயே கொட்டிவிடும். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறிப்பு. ஆண்டு முடிவில் தண்டை அறுத்துவிட்டு உழுது வேரைப் பொறுக்குவார்கள். வேரிலிருக்கும் அஜ்மலிசின் இரத்த ஓட்டத்துக்கான மருந்துகளுக்குப் போகும், இலை புற்றுநோய்க்கு. வேறொன்றும் விளையாத மண்ணில், ஆடு தின்னாத பயிர் வேலி இல்லாமலே நின்றது. மருந்தாக்கும் வித்தையும் இங்கே வந்தது. 1980களில் சிப்லா நிறுவனம் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து இவ்விரண்டு மருந்துகளையும் உருவாக்கியது.

இந்த நெடும்பயணத்தில் பங்கு கிடைக்காதவர் யார் என்று கேட்டால், முதலில் மடகாஸ்கர். செடி எப்போதோ உலகெங்கும் பரவிவிட்டதால் தாய்மண்ணுக்கு உரிமை கேட்க வழியில்லாமல் போயிற்று. அடுத்து, அந்த இருபத்தைந்து இலைகளுக்குப் பின்னால் இருந்த ஜமைக்காவின் வீட்டு வைத்தியம். அவர்கள் தேடிய நோய்க்கு மருந்து கிடைக்கவில்லை என்றாலும், இந்தச் செடிக்குள் வலிமை இருக்கிறது என்று விரல் நீட்டியது அவர்கள்தான். நாட்டு மருத்துவ அறிவை மதிப்பது என்றால் எனக்கு இதுதான் அர்த்தம். அது சுட்டும் திசையில் நேர்மையாகச் சோதித்துப் பார்ப்பது, பலன் வந்தால் சுட்டியவரை மறக்காமல் இருப்பது.

சோதிக்காமல் விழுங்குவது மதிப்பாகாது. பிற்காலத்தில் சில எலி ஆய்வுகளில் சர்க்கரை இறங்கியதுண்டு. மனிதருக்கு நம்பித் தரும் அளவில் அது நிறுவப்படவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் கொண்ட இலை இது. இலையின் வயதுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அவற்றின் அளவு மாறும். நாம் கொதிக்கவைக்கும் குவளையில் எது எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. புற்றுநோய்க்காரர்கள் மருத்துவமனையை விட்டுவிட்டு இந்தக் கஷாயத்தை நம்புவதைப் போன்ற துயரம் வேறில்லை. அவர்களுக்கான மருந்து இந்தச் செடியிலிருந்தே எடுத்து, சுத்திகரித்து, எடை போட்டு, அங்கே குப்பியில் காத்திருக்கிறது.

2019இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்து, பிள்ளைகளின் ஊசியைத் தள்ளிப்போட வேண்டிய நிலை ஏற்பட்டது. 2022இல் ஆய்வாளர்கள் ஈஸ்ட் செல்களுக்குள் இந்தச் செடியின் மரபணுக்களைப் பொருத்தி, வின்டோலினையும் கேத்தராந்தினையும் அவற்றிடமிருந்தே பெற்று, வின்பிளாஸ்டினாக இணைத்துக் காட்டினார்கள். ஒரு நாள் இலை பறிக்கும் வேலையே இல்லாமல் போகலாம். அன்றும் ஈஸ்ட் பின்பற்றப்போவது இந்தச் செடி எழுதிவைத்த செய்முறையைத்தான்.

வாசலில் ஒன்று முளைத்திருந்தால் பிடுங்க வேண்டாம், பறித்துத் தின்னவும் வேண்டாம். பூவைச் சாமிக்கு வையுங்கள். தின்னக் கூடாது என்று ஆட்டுக்குச் சொன்ன அதே கசப்புதான் எங்கோ ஒரு வார்டில், நான்காம் வார ஊசிக்குக் கை நீட்டியிருக்கும் பிள்ளையின் உடம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது.