கடத்த மறுத்த ஆக்சைடு

1987 ஜனவரியில் பெங்களூரில் கூடிய பன்னாட்டு மாநாடொன்றில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஆண்டர்சன் ஒரு கருத்தை முன்வைத்தார். அப்போது உலகின் ஆய்வுக்கூடங்கள் பலவும் ஒரே பொருளைச் சுட்டுக்கொண்டிருந்தன: லாந்தனம் தாமிர ஆக்சைடு.

முந்தைய ஆண்டு சூரிச்சில் பெட்நோர்ஸ், மியுல்லர் இருவரும் அதில் சிறிது பேரியம் கலந்து, 30 கெல்வின் அளவில் மின்தடை மறைவதற்கான அறிகுறியைக் கண்டிருந்தனர். வியப்பு அதன் தாய்ப்பொருளிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு தாமிர அணுவிலும் இணையற்ற எலக்ட்ரான் ஒன்று உண்டு. பட்டைக் கொள்கைப்படி அது உலோகமாதல் வேண்டும். ஆயினும் மின்சாரம் கடத்துவதில்லை. ஓரணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் கூடப் பேராற்றல் தேவைப்படுவதால், ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே சிறைப்படுகிறது. இதுவே மாட் மின்கடத்தாநிலை. இக்குடும்பத்து ஆக்சைடுகளின் மின், காந்தப் பண்புகளைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கங்குலியும் சி.என்.ஆர். ராவும் முன்பே ஆராய்ந்திருந்தனர். அன்று அவர்கள் தேடியது மீக்கடத்தலை அன்று.

சிறைப்பட்ட எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் இருவிருவராக இணைந்து, இணைகளை ஓயாது மாற்றிக்கொள்கின்றன என்றார் ஆண்டர்சன். 1973இல் வேறொரு சூழலில் அவர் தனியாக எழுதியதன் மறுபிறப்பு இது. மின்துளைகளைப் புகுத்தினால் அந்த இணைகளே தடையின்றி ஓடும். இக்கருத்துக்கு அதே ஆண்டில் கணித வடிவம் தந்தவர்கள் ஜி. பாஸ்கரன், சோ, ஆண்டர்சன் ஆகிய மூவர். பாஸ்கரன் பின்னர் நெடுங்காலம் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தார்.

மறுப்பும் அவ்வாண்டே வந்தது. நியூட்ரான் சோதனைகள் தாய்ப்பொருளில் தற்சுழற்சிகள் மேலும் கீழுமாக ஒழுங்குற்று நிற்பதைக் காட்டின. இணைமாறும் திரவநிலை அங்கு இல்லை. ஆனால் ஏறத்தாழ 2 விழுக்காடு துளைகளிலேயே அவ்வொழுங்கு கரைகிறது. 5 விழுக்காட்டை ஒட்டி மீக்கடத்தல் எழுகிறது. ஒரே படிகம், வெப்பநிலையாலும் துளையளவாலும் மூன்று நிலைகளுக்கிடையே மாறுகிறது.

இடைப்பட்ட பகுதியில் எலக்ட்ரான்கள் செய்வதென்ன என்பதில் இன்றும் உடன்பாடில்லை. சூரிச் கண்டுபிடிப்புக்கு 1987இலேயே நோபல் பரிசு கிடைத்தது. அதன் காரணத்துக்கான பரிசு இன்னும் எவருக்கும் வழங்கப்படவில்லை. மீக்கடத்தலின் வரலாற்றில் சூரிச்சை மட்டும் எழுதுவோர் விடையின் பாதியைத்தான் எழுதுகின்றனர். கேள்வியைச் செதுக்கியதில் பெங்களூருக்கும் சென்னைக்கும் பங்குண்டு.