பலூனில் ஒட்டி வந்த மருந்து

காமர்ஸ் படிக்கிறவருக்கு இரத்தக்குழாயில் என்ன வேலை என்று கேட்காதீர்கள்! தூத்துக்குடிக்காரர்களுக்குப் பழக்கமான பிரச்சினைதான் இது... சரக்கு இருக்கிறது, போக வேண்டிய இடமும் தெரியும், வழியில் சேதாரமாகாமல் போய்ச் சேர வேண்டும்.

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆன்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்ற மருத்துவர், அடைபட்ட இதயக் குழாய்க்குள் சின்ன பலூனை அனுப்பி, ஊதி விரித்தார். நெஞ்சைத் திறக்கவே இல்லை. ஆனால் பலூன் அழுத்தியதில் குழாயின் உட்சுவர் காயப்பட்டது. காயம் ஆறும்போது தசைச் செல்கள் அளவுமீறி வளர்ந்து, சில மாதங்களில் பலருக்கு மறுபடி அடைத்துக்கொண்டது. 1986-ல் கம்பிவலை போன்ற ஸ்டென்ட் வந்தது. அதற்குள்ளும் தசை வளர்ந்தது.

அதைத் தடுக்கும் மருந்து அப்போது எங்கே இருந்தது தெரியுமா? ஒரு வீட்டு ஃபிரீசரில்! 1964-ல் கனடாவிலிருந்து கப்பலில் ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு குழு மண் மாதிரிகள் எடுத்து வந்தது. அந்த மண்ணின் பாக்டீரியாவிலிருந்து சிரோலிமஸ் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேந்திர நாத் சேகல். 1980-களின் தொடக்கத்தில் அவருடைய மான்ட்ரியல் ஆய்வகம் மூடப்பட்டது, ஆராய்ச்சியும் கைவிடப்பட்டது. மனிதர் விடவில்லை. பாக்டீரியாவைக் குப்பிகளில் அடைத்து, அமெரிக்காவுக்கு வீடு மாறும்போது கூடவே கொண்டுபோய்விட்டார்.

2003 ஏப்ரலில் சிரோலிமஸ் பூசிய ஸ்டென்டுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சேகல் அந்த ஜனவரியிலேயே இறந்துபோனார். (நம் நாட்டில் மருந்து பூசிய ஸ்டென்ட் லட்ச ரூபாயையும் தாண்டி விற்றது. 2017 பிப்ரவரியில் அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது!)

ஸ்டென்ட் என்பது ஆயுசுக்கும் உள்ளே கிடக்கும் உலோகம். அது அடைத்தால் இன்னொன்றா வைப்பது? மருந்தைப் பலூனிலேயே பூசிவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். பலூனை ஒரு நிமிடம் போலத்தான் ஊதி வைக்கலாம், அதற்குமேல் இதயத்துக்கு இரத்தம் போகாது. சிரோலிமஸோ சுவரில் சட்டென்று ஒட்டாது, இரத்தம் அடித்துக்கொண்டு போய்விடும்.

சூரத்தின் கான்செப்ட் மெடிக்கல் நிறுவனம் மருந்தை நானோ அளவுக்குப் பொடியாக்கி (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு), பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு உறையில் பொதிந்து பலூனில் பூசியது. நம் செல்களின் சவ்வும் இதே வகைக் கொழுப்புதான். அதனால் பொட்டலம் சுவரில் ஒட்டி, உள்ளே இறங்கி, மருந்தை மெதுவாக விடுகிறது. மேஜிக்டச் என்ற இந்தப் பலூனை 2019-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. விரைவாகப் பரிசீலிக்க வேண்டிய புதுக் கருவிகள் வரிசையில் சேர்த்தது. அது விற்பனை அனுமதி அல்ல.